வரச் சொன்னது யார்?

மகனே,

நேற்று மத்தியானம் உன் மனைவி போன் செய்து, "அத்தை, ரிப்போர்ட் எல்லாம் வந்துடுச்சி, நெஞ்சுல ஒண்ணும் இல்லையாம்" என்று சொன்னபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போனை வைத்த பிறகு எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ, அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் சுதாரித்துக்கொண்டேன். இறக்கி வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். செபம் சொல்லலாம் என்று பார்த்தால் வாயில் ஒன்றும் வரவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நீ ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் ஒருவேளைச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டதில்லை. நேற்று அந்தத் தீய்ந்த குழம்பை ஊற்றிக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் உன் மனைவி இன்னொன்றும் சொன்னாள். "தூக்கம்தான் இல்லையாம். இப்படியே போனா அடுத்த தடவை ரிப்போர்ட் இப்படி வராதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார் அத்தை." அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய். பாதியில் இன்னொரு போன் வரும், "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் குறுக்கே வர முடியாது. உனக்கு மட்டும் இல்லை, தூங்காமல் உழைப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற உன் கூட்டாளிகள் யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபிறகு, மிச்சப் பரிசோதனைக்கு முன்னால் செஞ்சிக்கு வந்து நாலு நாள் இருந்தாயே, அதில் ஒரு நாள் மத்தியானம் நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த மடிக்கணினியை வயிற்றின் மேல் வைத்திருந்தாய். எடுத்துக் கீழே வைக்கலாம் என்று தொட்டேன், சுட்டது. "இன்னாடா இது, உன்னைவிட இதுக்குத்தான் ஜுரம் அடிக்குது" என்றேன். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாய். யாரும் தொடாமல் சும்மா வைத்திருந்தாலும் அது சூடாகிறது, பாட்டரி இறங்கிவிடுகிறது, ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது உன் வேலை என்றாய். எனக்கு எங்கே புரியப் போகிறது என்று நினைக்காமல் பொறுமையாகச் சொன்னாய், அதில் எனக்குச் சந்தோஷம். கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். வெளியே தெரியாதாம், ஆனால் மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதனிடம்தான் போய் நிற்க வேண்டுமாம். ஒவ்வொன்றும் அதனிடம், இவ்வளவு நேரம் கழித்து என்னை எழுப்பு என்று சொல்லி வைக்குமாம். அதற்குப் பெயர் டைமர். வேலை இல்லாத நேரத்தில் கணினி தூங்கினால்தான் சூடு ஆறும். ஆனால் ஒன்று மாற்றி ஒன்று சொல்லி வைத்த நேரம் வந்துகொண்டே இருப்பதால் அதற்குக் கண்ணை மூட வழியில்லை. எழுந்து பார்த்தால் பெரிய வேலை ஒன்றும் இருக்காது, ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுப்பதோடு சரி.

யார் யார் இப்படி டைமர் வைக்கிறார்கள் என்று கவனித்து எண்ணிச் சொல்கிற பகுதியைத்தான் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். "எது அடிச்சதுன்னு பாக்கறது சுலபம்மா. அதை யார் வச்சதுன்னு கண்டுபிடிக்கறதுதான் விஷயம்" என்றாய். அந்தக் கவனிப்பையும் எப்போதும் போட்டு வைக்கக் கூடாது, அதுவே ஒரு சுமையாகிவிடும், கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னாய். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். "இன்னாத்துக்குமா சிரிக்கிற?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உன் கண் சொருகிவிட்டது. தூங்குகிறவனை எழுப்பிக் கதை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். அது எப்படிப் போயிற்று என்பதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. வலி கண்டு ஒரு பகல் முழுக்க ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. உன் நைனா என்னை மாட்டு வண்டியில் ஏற்றித் திண்டிவனத்துக்கு ஓட்டினார். வல்லம் தாண்டுவதற்குள் பிறந்துவிட்டது, ஆனால் அழவில்லை. அப்போது செஞ்சியில் கத்தி பிடிக்கிற டாக்டர் யாரும் இல்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் மெட்ராசிலிருந்து டாக்டரம்மா வந்தார். அறுபதுகளின் நடுவில், ரேஷனில் அரிசிக்குப் பதில் சோள மாவு போட்டுக்கொண்டிருந்த காலம். திண்டிவனம் ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, முன் அறையில் நோயாளிகளைப் பார்ப்பார், பின்னால் நாலைந்து கட்டில் போட்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர், கண்ணாடி போட்டிருப்பார், வாய் ஓயாமல் பேசுவார். பங்கு சாமியார் சொல்லி எனக்கு அங்கே வாசலில் நிற்கிற வேலை கிடைத்தது. வருகிறவர்களை உட்கார வைத்து, பேரைக் கேட்டு, ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டும். மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து கடலை பிடுங்கிக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

சேர்ந்து கொஞ்ச நாளில் நீ வயிற்றில் வந்தாய். டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு இடுப்பெலும்பு ஒடுக்கம், இந்த முறையும் சுலபமாக இருக்காது என்றார். நான் வண்டியில் நடந்ததைச் சொல்லி அழுதேன். "வண்டியெல்லாம் வேணாம். என் கையிலேயே ஆகட்டும். நான் இருக்கேன்ல" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் தினமும் எழுந்து வேலைக்குப் போனேன். அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் இருந்தால் நீ பிழைப்பாய்.

ஆனால் அவர் இருப்பார் போலத் தெரியவில்லை. பொழுது விடிந்தால் ஆள் மாற்றி ஆள் அவரைக் கூப்பிட்டபடி இருந்தார்கள். ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவுவதற்குள் இன்னொருவர் கதவில் நிற்பார். சோற்றில் கை வைத்தால் கூப்பிடுவார்கள், நாற்காலியில் சாய்ந்தால் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பாதி நேரம் ஒன்றும் இருக்காது, காய்ச்சல் அப்படியேதான் இருக்கும், புண் அப்படியேதான் இருக்கும். பார்த்துவிட்டுத் திரும்புவார், சோறு காய்ந்திருக்கும். ஆறாம் மாதம் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தபோது அவருடைய கை நடுங்குவதைப் பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்தது. "தூக்கம் இல்ல, வேற ஒண்ணும் இல்ல" என்றார். அடுத்த வாரம் கம்பவுண்டர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரம்மா வீட்டுச் சொந்தக்காரரிடம் வீட்டைக் காலி செய்யப் போவதாகச் சொல்லிவிட்டார் என்றார். உனக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

இத்தனைக்கும் காரணம் யார் என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். கம்பவுண்டர் அண்ணன், மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம்தான் என்றார். ஸ்பெஷல் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்புகிற வழியில் வாந்தி, பேதி என்று நம் வாசலில்தான் இறங்குவார்கள். சரி, அமாவாசைக்கு அது சரி, மற்ற நாளுக்கு யார்? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. தொண்டூர்க்காரர் ஒருவர், அவருடைய அம்மா காலில் புண்ணோடு பின் கட்டிலில் படுத்திருந்தாள். அந்த ஆள் வாசலை விட்டு நகரவே மாட்டார், எப்போது பார்த்தாலும் "டாக்டரம்மா கொஞ்சம் வந்து பாக்கணும்" என்று நிற்பார். அண்ணனுக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு வாய்ச்சண்டையில் நம்பிக்கை இல்லை, எண்ணிப் பார்த்துவிட வேண்டும். மருந்து பாட்டில்களுக்குப் போடுகிற கார்க் ஒரு சின்னச் சாக்கில் இருந்தது. மாதா கோவிலில் இலவசமாகக் கொடுத்த பால்பவுடர் டின்கள் காலியாகக் கிடந்தன. மூன்று டின்னை வாசல் பெஞ்சுக்குக் கீழே வைத்தேன். கட்டிலில் இருக்கிறவர்களுக்காக ஒருவர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டால் ஒரு டின்னில் கார்க் போடுவேன், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று, வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்புகிறவர்களுக்கு மற்றொன்று. ஒரு வாரம் போட்டேன். மூன்று டின்னும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தன. யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் அந்த அம்மாவுக்கு உட்கார நேரமில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. வயிற்றில் நீ வேறு உதைத்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்குத் தொண்டூர்க்காரர் மறுபடி வந்தார். இந்த முறை நான் கையைக் குறுக்கே வைத்து வழி மறித்துவிட்டேன். "இன்னா, இப்பதான வந்துட்டுப் போன? அந்தம்மா சாப்புட வேணாமா?" என்று கேட்டேன். அவர் என்னைவிடக் கோபமாகப் பார்த்தார்.

"நானா வரல தாயி. டாக்டரம்மாதான் முக்கா மணி நேரம் கழிச்சு வந்து கூப்புடுன்னுச்சி. எங்கிட்ட கடியாரமா இருக்குது? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி கண்டக்டராண்ட மணி கேட்டுகினு ஓடியாறேன். வரலைன்னா அந்தம்மா கோச்சிக்கும். எனக்கு மட்டும் கொல்லையில வேலை இல்லியா?"

நான் குறுக்கே வைத்த கையை எடுத்துவிட்டேன். வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அவர்களை வரச் சொன்னது யார் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. உடனே மூன்று டின்னையும் கொட்டிக் காலி செய்தேன். இனிமேல் தானாக வந்தவருக்கு ஒரு டின், பக்கத்துக் கட்டில்காரரோ சொந்தக்காரரோ சொல்லி வந்தவருக்கு ஒரு டின், டாக்டரம்மாவே வரச் சொல்லி வந்தவருக்கு ஒரு டின். வருகிற ஒவ்வொருவரிடமும், "யார் வரச் சொன்னது?" என்று கேட்டேன். இரண்டாம் நாளே மூன்றாவது டின் நிரம்பிக் கார்க் கீழே உருண்டது.

சீயமங்கலத்திலிருந்து ஒரு அம்மாள் வியாழக்கிழமை தவறாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். குழந்தை கன்றுக்குட்டி போலத் துள்ளிக்கொண்டிருக்கும், டாக்டரம்மாவும் எதற்கு வந்தாள் என்று நினைவில்லாமல் அதன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து அனுப்புவார். அவளிடமும் கேட்டேன். குழந்தைக்கு மாந்தம் கண்டிருந்தபோது வாராவாரம் கொண்டுவந்து காட்டச் சொன்னாராம். அது குணமாகி மாதக்கணக்கில் ஆகிறதே, இன்னும் ஏன் வருகிறாய் என்றேன். "வரச் சொன்னவங்கதானமா நிறுத்தச் சொல்லணும்? அவங்க சொல்லாம நான் எப்படி நிறுத்தறது?" என்றாள். அந்தக் கேள்வியை இன்று வரைக்கும் நான் மறக்கவில்லை.

இதற்குள் வேறு ஒரு வம்பு வந்தது. நான் எண்ணுகிற வேகத்தில் சாக்கில் இருந்த கார்க் எல்லாம் என் டின்னுக்குப் போய்விட்டது. கம்பவுண்டர் அண்ணன் பாட்டில்களுக்குக் காகிதத்தைச் சுருட்டி அடைத்துக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் போன ஒருவருடைய வெள்ளை வேட்டியெல்லாம் ரோஸ் நிறத்தில் வயிற்றுவலி மருந்து கொட்டி, அவர் அதே வேட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்று கத்தினார். அண்ணன் உள்ளேயிருந்து என்னைத் திட்டினார். கேள்வி கேட்டே நான் ஆட்களை நிறுத்தி வைப்பதால் வாசலில் வரிசை வேறு ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். வேட்டிக்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, பெஞ்சுக்குக் கீழே குனிந்து டின்களைப் பார்த்தார்.

நான் ஒளிக்கவில்லை. எந்த டின் யாருக்கு என்று சொன்னேன். நிரம்பி வழிந்த டின்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "இவ்வளவும் நானா?" என்று மட்டும் கேட்டார். அவர் முகம் வாடிப்போயிற்று. எனக்குச் சங்கடமாக இருந்தது, இவரைப் போய் இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று. பிறகு என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல, போங்கன்னு சொன்னா அவங்க நம்பறதில்ல. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து கூப்பிடுங்க, நான் பாக்கறேன்னு சொன்னா முகம் தெளிஞ்சிடுது. அந்த முகத்துக்காகச் சொல்லிடறேன். சொல்றதுக்கு ஒரு நிமிஷம்தானே ஆகுதுன்னு நினைச்சேன்."

நான் என்ன தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. "சொல்ற நேரம் மட்டுமாம்மா? அவங்க வந்து நிக்கறப்ப நீங்க எழுந்திருக்கற நேரம், திரும்ப வந்து விட்ட இடத்தைத் தேடற நேரம், அதெல்லாம் யாரு கணக்கு?" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று அடுத்த நொடியே தோன்றியது. அவர் என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு அவரே ஒரு ஏற்பாடு செய்தார். வரச் சொல்வதை அவரால் நிறுத்த முடியாது, அது அவர் சுபாவம். ஆனால் ஒருவருக்கு அரை மணி, ஒருவருக்கு முக்கால் மணி என்று சொல்வதை விட்டுவிட்டார். அவசரம் இல்லாதவர் எல்லோரும் கோவில் மணி அடிக்கும்போது வர வேண்டியது. மத்தியானம் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை அடிப்பார்கள், செஞ்சி முழுக்கக் கேட்கும், கடிகாரம் வேண்டாம். அப்போது ஒரே சுற்றாக எல்லோரையும் பார்த்துவிடுவார். அதற்கு மேலும் காத்திருக்கக் கூடியவர்கள், அவர் எதற்காவது வெளியே வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அவர்களுக்காகத் தனியாக எழுந்து வர மாட்டார். மூச்சு, ரத்தம், விஷம், பிரசவ வலி, இந்த நாலுக்கும் மணியும் வேண்டாம், வரிசையும் வேண்டாம், நேரே உள்ளே. குணமானவர்களிடம் இனி வர வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டியது. முதலில் சீயமங்கலத்து அம்மாளுக்குச் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். தொண்டூர்க்காரர் மணி அடித்த பிறகுதான் தலையைக் காட்டினார், அதுவரைக்கும் கொல்லையில் களை பறித்துவிட்டு வருவார். கம்பவுண்டர் அண்ணன் அவருக்கு வெற்றிலை கொடுக்கிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்.

அந்த ஏற்பாடு வந்த முதல் நாள், மத்தியான மணி அடித்து எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு, டாக்டரம்மா சூடான சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு உள் அறைப் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, சின்னதாக ஒரு குறட்டை. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. என் வயிற்றைத் தொட்டு, "பொழைச்சடா" என்று உன்னிடம் சொன்னேன். அந்த வாரமே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, காலி செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். என்னிடம், "கார்க்கையெல்லாம் கம்பவுண்டர்கிட்டயே கொடுத்துடு. பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு. எனக்கு மறுபடி கை நடுங்கினா டின்னை எடு" என்றார். நீ எழுதுகிற அந்தக் கவனிப்பு வேலையைப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டும் என்றாயே, அப்போது எனக்கு அண்ணனுடைய திட்டும் அந்த ரோஸ் வேட்டியும்தான் கண் முன்னால் வந்தன. அதனால்தான் சிரித்தேன்.

நீ பிறந்த அன்றைக்குக் காலையிலேயே வலி எடுத்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதுபோலவே கஷ்டமாகத்தான் இருந்தது. நான் வண்டியையும் வல்லத்து ரோட்டையும் நினைத்துக்கொண்டு அலறினேன். மத்தியான மணி அடித்தது. வெளியே ஆட்கள் வந்து கூடுகிற சத்தம் எனக்கே கேட்டது. இப்போது எழுந்து போய்விடுவார் என்று நினைத்து அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நான் எங்கயும் போகல. நீ அவசரப்படாத" என்றார்.

கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் உன்னை எடுத்தார்கள். அந்தக் கரண்டி போன்ற கருவியை அவர் கையில் எடுத்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். கொஞ்சம்கூட நடுங்கவில்லை. உன் வலது நெற்றிப்பொட்டில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறதே, கட்டிலிலிருந்து விழுந்ததால் வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அது அந்தக் கருவி பட்ட தடம்தான். அந்தக் கை நடுங்கியிருந்தால் அந்தத் தழும்பு உன் கண்ணில் இருந்திருக்கும், அல்லது அதைச் சொல்வதற்கு நீயே இருந்திருக்க மாட்டாய். தூங்கி எழுந்த ஒருவருடைய கையால் பிறந்தவன் நீ. அதை மறந்துவிடாதே.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ இங்கே இருந்த நாலு நாளும் நான் சும்மா இருந்தேன் என்று நினைத்தாயா? இப்போது கார்க் கிடைப்பதில்லை, புளியங்கொட்டை கிடைக்கிறது. உன் போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்படியில் ஒரு டம்ளரில் ஒரு கொட்டையைப் போட்டேன். ஆபீஸ்காரர்கள் உன்னைப் படுத்துகிறார்கள் என்று உன் மனைவி சொல்வாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொருவரிடமும் நீ போனை வைக்கும்போது, "அரை மணி கழிச்சு கூப்பிடுங்க", "சாயந்தரம் ஞாபகப்படுத்துங்க", "முடிஞ்சதும் எனக்கு ஒரு கால் அடிங்க" என்று சொல்கிறாய். அவர்கள் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிறார்கள், பாவம். வரச் சொன்னது நீ. நீயும் அந்த அம்மாவைப் போல, எதிரே இருக்கிறவர் முகம் தெளிய வேண்டும் என்றுதான் சொல்கிறாய், அந்தக் குணம் எனக்குப் பிடிக்கிறது. அதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரு மணிச் சத்தத்தை வைத்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். பெங்களூரில் கோவில் மணி கேட்காவிட்டால் நீயாக ஒரு நேரம் குறித்துக்கொள்.

கொட்டைகளைக் கொட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு கொட்டை விழ வேண்டும், ஆனால் விழவில்லை. நீ என் வீட்டிலேயே இருந்ததால் அந்த நாலு நாளும் நான் உன்னைக் கூப்பிடவில்லை, நீயும் எட்டு மணி வரைக்கும் அசையாமல் தூங்கினாய். நைனா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "காலைல ஆறு மணிக்குக் கூப்பிட்டு எப்படி இருக்காருன்னு சொல்லும்மா" என்று என்னிடம் சொன்னாய், நினைவிருக்கிறதா? அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் இன்னும் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. "எழுந்துட்டியா, காபி குடிச்சியா" என்று கேட்பேன். நீயும் விடியற்காலை வரைக்கும் வேலை செய்துவிட்டுப் படுத்தாலும் அந்த மணிக்கு எழுந்து, "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாய். நிறுத்தச் சொன்னால் அம்மா மனசு கஷ்டப்படும் என்று நீ சொல்லவில்லை. நீ சொல்லாமல் எப்படி நிறுத்துவது என்று நானும் நிறுத்தவில்லை. சீயமங்கலத்து அம்மாளிடம் இன்னும் ஏன் வருகிறாய் என்று கேட்ட நான், இத்தனை வருஷமாக அவளைப் போலவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருக்கிறேன்.

எனவே நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் நீ கூப்பிடு, அன்றைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். எனக்கு மூச்சோ ரத்தமோ என்றால் எந்த நேரம் என்று பார்க்க மாட்டேன், அப்போது மட்டும் உடனே போனை எடு. இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததை உன் மனைவி எனக்குச் சொல்வாள். அதற்கு மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு உன் போன் அடிக்காது. அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து எழுந்து உட்கார்ந்துவிடாதே. நான் எங்கேயும் போகவில்லை. நீ தூங்கு.

அம்மா